பாழடைந்த நீச்சல் தடாகத்தோடு மலைநாட்டில் வீடு வாங்கியவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்டாரவளை டவுனில் இருந்து சற்று உள்ளே, தேயிலை மலைக்கும் ஒரு பழைய லயத்துக்கும் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) நடுவில் இருக்கும் வீட்டை நாங்கள் வாங்கியபோது அதோடு ஒரு நீச்சல் தடாகமும் வந்தது. நீளம் 8 மீற்றர், அகலம் 4 மீற்றர். ஒரு பக்கம் ஒரு மீற்றர் ஆழம், மறுபக்கம் 1.8 மீற்றர். பல வருடமாக யாரும் அதைக் கவனிக்கவில்லை. மேலே பச்சைப் படலம், அதற்குக் கீழே பிளேன்டீ நிறத்தில் தண்ணீர், அடியில் சவுக்கு இலை மக்கிய சேறு. மறுபடி நீந்தும் நிலைக்கு அதைக் கொண்டுவர எங்களுக்குப் பதினொரு மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு ஹட்டன், வெலிமடை, கண்டிப் பக்கங்களில் இப்படி வீடு வாங்கியவர்கள் கேட்ட கேள்விகளையும், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

வீட்டுச் சாவி கையில் வந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

தடாகத்தைச் சுற்றி அடைப்புப் போடுங்கள். பச்சைத் தண்ணீருக்குள் ஒரு குழந்தை விழுந்தால் மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. நிரந்தர வேலி பிறகு கட்டிக்கொள்ளலாம். முதல் நாளே நான்கு மூலையில் கம்பு நட்டு, குறைந்தது 1.2 மீற்றர் உயரத்துக்கு வலை கட்டிவிடுங்கள். பிள்ளை ஏறிப் போக உதவும் கதிரை, பூச்சாடி எதையும் அதன் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

அடுத்தது நுளம்பு. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டப்படி பொறுப்பு காணியில் இருப்பவருக்குத்தான். "நேற்றுத்தான் வாங்கினோம்" என்று பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லித் தப்ப முடியாது. டெங்கு நுளம்பு பெரும்பாலும் நடுத் தடாகத்தில் முட்டையிடுவதில்லை. மோட்டார் அறையில் கிடக்கும் உடைந்த வாளி, மூடியில்லாத வடிகட்டித் தொட்டி, மேலே போர்த்திய தார்ப்பாயின் குழி ஆகியவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். முட்டையில் இருந்து பறக்கும் நுளம்பாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும். குளிர் அதிகமான இடங்களில் இன்னும் கொஞ்சம் கூட எடுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். வாரம் ஒரு முறை அந்தச் சின்னச் சின்னத் தண்ணீரையெல்லாம் கவிழ்த்துக் கொட்டுங்கள். தடாகத்துக்குள் தற்காலிகமாகக் கப்பி மீன் விடலாம். ஆனால் வேலை தொடங்கும்போது அவற்றைப் பிடித்துத் தொட்டியில் போடுங்கள். ஓடையில் விட்டால் அங்குள்ள நம் மீன்களுக்குக் கேடு.

மூன்றாவதாக, ஒரு நல்ல மழை நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு காணியைச் சுற்றி நடங்கள். மேல் மலையில் இருந்து வரும் தண்ணீர் எந்தக் கான் (வடிகால்) வழியாக இறங்குகிறது, தடாகத்துக்குப் பின்னால் தேங்குகிறதா, கீழே யார் வீட்டுப் பக்கம் போய்ச் சேருகிறது என்று பாருங்கள். சமவெளியில் தடாகம் வைத்திருப்பவருக்கு இந்த வேலை இல்லை. நமக்கு இதுதான் முதல் வேலை.

பச்சைத் தண்ணீரை இறைத்து ஊற்றிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடுமே?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். மண்ணுக்குள் இறக்கிய தடாகம் ஒரு தொட்டி போலத்தான். உள்ளே இருக்கும் தண்ணீரின் பாரம்தான் அதை அமர்த்தி வைத்திருக்கிறது. சுற்றியுள்ள மண்ணில் ஊற்றுத் தண்ணீர் ஏறி நிற்கும்போது உள்ளே காலியாக இருந்தால், கீழிருந்து தண்ணீர் தள்ளும். தடாகத்தின் அடித்தளத்தைவிட நிலத்தடி நீர் ஒரு மீற்றர் உயரமாக நின்றால், ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் ஒரு தொன் அழுத்தம். எங்கள் தடாகத்தின் அடிப்பரப்பு 32 சதுர மீற்றர். 32 தொன் கீழிருந்து முட்டினால் அடித்தளம் வெடிக்கும், சில வேளை தடாகமே ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். பிறகு பழுது பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

மலைச்சரிவில் இன்னொரு சங்கடம் உண்டு. மேட்டுப் பக்கத்துச் சுவருக்குப் பின்னால் ஈர மண் சாய்ந்து நிற்கிறது. நிறைந்த தடாகம் அந்தச் சுவருக்கு உள்ளிருந்து தோள் கொடுக்கிறது. ஒரே நாளில் இறைத்தால் அந்தத் தோள் போய்விடும். பழைய பங்களாத் தடாகங்கள் சிலவற்றின் சுவர் வெறும் கருங்கல் கட்டுதான், கம்பி இல்லை. அவற்றில் இன்னும் கவனம் வேண்டும்.

கட்டடம் நல்ல நிலையில் இருந்து தண்ணீர் மட்டும் கெட்டிருந்தால், இறைக்காமலேயே தெளிய வைத்துவிடலாம். இலையை வலையால் அள்ளி, அடிச் சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுத்து, குளோரின் போட்டு, பில்டரை இரவும் பகலும் ஓடவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் அடி தெரியும். இறைக்க வேண்டிய காரணங்கள் சிலதான்: டைல்ஸ் கழன்றது, வெடிப்பு, அடியில் ஒரு முழம் சேறு, அல்லது உள்ளே என்ன கிடக்கிறது என்றே தெரியாத நிலை. எங்களுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் இருந்தன.

இறைத்தே ஆக வேண்டும் என்றால் எப்போது?

உங்கள் மலைக்கு மழை எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கத்துக்குத் தென்மேல் பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை மண் காயாது. அங்கே ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம். பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கம் தலைகீழ். ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை மழை, ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்த காற்று. நாங்கள் ஜூலையில் இறைத்தோம்.

இறைக்கும் முன், தடாகத்தின் மேட்டுப் பக்கம் இரண்டு மீற்றர் தள்ளி, தடாகத்தின் ஆழத்துக்கு ஒரு சிறிய குழி தோண்டச் சொன்னார் எங்கள் மேசன் பாஸ். "குழியில தண்ணி நின்னா கைய வைக்காதீங்க தம்பி" என்றார். மூன்று நாள் பார்த்தோம், குழி காய்ந்தே இருந்தது. அதற்குப் பிறகும் ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்குதான் இறைத்தோம். குழிக்கு மேல் பலகை போட்டு மூடி வைக்க மறக்க வேண்டாம்.

புதிய தடாகங்களில் அடியில் ஒரு வால்வு இருக்கும். வெளித் தண்ணீர் அழுத்தினால் அது திறந்து தண்ணீரை உள்ளே விட்டுவிடும். பழையதில் இருந்தாலும் சேறு அடைத்துக் கிடக்கும். அதை நம்பி இறைக்கக் கூடாது.

இறைத்த தண்ணீரை எங்கே விடுவது?

இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் வாரம், ஒன்றும் யோசிக்காமல் அடியில் தண்ணீரை வெளியேற்றும் வால்வைத் திறந்துவிட்டோம். தண்ணீர் இறங்க இறங்கச் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் விடியற்காலையில் பணிய (கீழ்) லயத்தில் இருந்து ஒரு வயதான அம்மா ஒரு வெள்ளை வாளியைத் தூக்கிக்கொண்டு மேடேறி வந்தார். மூச்சு வாங்க நின்று, வாளியை எங்கள் விறாந்தைப் படியில் வைத்தார். உள்ளே பச்சைத் தண்ணீர், ஓரத்தில் ஒரு மக்கிய இலை ஒட்டியிருந்தது. "தம்பி, இந்தத் தண்ணியிலதான் எங்க வீட்டுல சோறாக்குறோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றைக்கும் அந்த வாளி கண்ணுக்குள் நிற்கிறது.

பழைய காலத்து மண் குழாய் ஒன்று தடாகத்தின் அடியில் இருந்து கிளம்பி, தேயிலைக்குள் இருக்கும் கான் ஒன்றில் விழுகிறது. அந்தக் கான் போகும் வழியில், அவர்களுடைய பீலிக்கு (தண்ணீர் பிடிக்கும் குழாய்வாய்) தண்ணீர் சேரும் சிறிய ஊற்றுத் தொட்டி. வீட்டை விற்றவருக்கே இது தெரிந்திருக்குமோ என்னவோ. உடனே வால்வை அடைத்தோம். லயத்து ஆட்களோடு சேர்ந்து ஊற்றுத் தொட்டியை இறைத்துத் தேய்த்துக் கழுவினோம். தண்ணீர் தெளியும் வரை நான்கு நாள் பவுசரில் (தண்ணீர் லொறி) தண்ணீர் எடுத்துக் கொடுத்தோம். பிறகு அந்த மண் குழாயின் வாயைச் சீமெந்து வைத்து நிரந்தரமாக அடைத்துவிட்டோம்.

ஆகவே, வால்வில் கை வைக்கும் முன் குழாய் எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள். தெரியாவிட்டால் அதைப் பயன்படுத்த வேண்டாம். மேலிருந்து தண்ணீர்ப் பம்பு போட்டு, ஹோஸ் வழியாக உங்கள் காணிக்குள்ளேயே சம தரையாக இருக்கும் இடத்தில் மெதுவாக விடுங்கள். குளோரின் போடாத பச்சைத் தண்ணீர் வாழைக்கும் புல்லுக்கும் நல்லது. குளோரின் போட்ட தண்ணீர் என்றால், வெயிலில் சில நாள் விட்டு, சோதனைப் பெட்டியில் நிறமே காட்டாத நிலை வந்த பிறகுதான் வெளியேற்ற வேண்டும். குளோரின் தண்ணீர் ஓடையில் விழுந்தால் மீனும் தவளையும் செத்து மிதக்கும். சரிவின் விளிம்பில், மண் கரையில், மதில் அடியில் ஒருபோதும் விட வேண்டாம். எங்கள் தடாகத்தில் இருப்பது சுமார் 45,000 லீற்றர். அதாவது 45 தொன். அவ்வளவையும் ஒரே இடத்தில் கொட்டினால் நின்ற மண்ணும் நகரும்.

உள்ளே இறங்கிச் சேறு அள்ளுபவர்களுக்கு ஆபத்து உண்டா?

உண்டு. எலிக்காய்ச்சல் முதல் ஆபத்து. எலியின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீர், காலில் இருக்கும் சிறு காயம் வழியாகவே உடம்புக்குள் போய்விடும். முழங்கால் உயரச் சப்பாத்தும் கையுறையும் நீங்கள் வாங்கிக் கொடுங்கள். கூலிக்கு வருபவர் கொண்டுவரட்டும் என்று விடக் கூடாது. வேலை தொடங்கும் முன் பி.எச்.ஐ.யிடம் கதைத்தால் தடுப்பு மாத்திரை தேவையா என்று சொல்வார். வேலை முடிந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு என்று வந்தால் ஆஸ்பத்திரியில் "சேற்றில் வேலை செய்தேன்" என்று சொல்ல வேண்டும்.

இரண்டாவது, பெற்றோல் பம்பை ஆழப் பக்கத்துக்குள் இறக்கி ஓட்டுவது. அதன் புகையில் இருக்கும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது. காற்றோட்டம் இல்லாத கிடங்கில் தேங்கி ஆளை மயக்கிக் கொன்றுவிடும். பம்பு மேலேதான் நிற்க வேண்டும், குழாய் மட்டும் கீழே இறங்கலாம். சுவரின் கறையை அசிட் ஊற்றித் தேய்க்கும்போதும் இதே கவனம் தேவை. ஒருவர் மேலே நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அசிட்டும் குளோரினும் ஒரே நாளில், ஒரே வாளியில், ஒரே அலமாரியில் கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

தடாகம் முழுக்கத் தவளை. என்ன செய்ய?

மலைநாட்டுத் தவளைகளில் பல இனங்கள் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. குளோரின் போடும் முன் வலையால் பிடித்து, அதே காணியில் நிழலான ஈர இடத்தில் விடுங்கள். வால்பேத்தைகளை அதே பச்சைத் தண்ணீரோடு ஒரு பழைய தொட்டியில் ஊற்றி, தவளையாகிப் போகும் வரை வைத்திருந்தோம். என் மகள் அதற்குப் பொறுப்பாக இருந்தாள். பிறகும் இரவில் தவளை உள்ளே விழும். ஓரத்தில் ஒரு பலகையைச் சாய்த்து மிதக்கவிட்டால் ஏறிப் போய்விடும்.

தடாகம் ஒழுகுகிறதா என்று எப்படித் தெரியும்?

தண்ணீர் குறைவதெல்லாம் ஒழுக்கு இல்லை. எங்கள் பக்கம் ஜூலை, ஓகஸ்ட் காற்றுக்கே நிறைய ஆவியாகும். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வாளி போதும். வாளியில் தடாகத் தண்ணீரை நிரப்பி, தடாகத்தின் முதல் படியில் வையுங்கள். வாளிக்கு உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டு மட்டத்தையும் பென்சிலால் கோடு போட்டு, மோட்டாரை நிறுத்தி, மழையில்லாத 24 மணி நேரம் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது ஆவியானது. தடாகம் கூடுதலாகக் குறைந்திருந்தால் ஒழுக்கு. பிறகு மோட்டாரை ஓடவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். ஓடும்போது மட்டும் கூடக் குறைந்தால் பிழை குழாயில்.

இடத்தைக் கண்டுபிடிக்க, கேசரிக்குப் போடும் கலரைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அசையாமல் இருக்கும்போது, சந்தேகப்படும் வெடிப்புக்கு ஒரு விரல் தள்ளி ஒரு துளி விடுங்கள். நல்ல இடத்தில் அது புகை போல அப்படியே தொங்கும். ஒழுகும் இடத்தில் நூல் இழுத்தது போல வெடிப்புக்குள் போய்விடும். எங்களுக்கு அது விளக்குப் பெட்டியின் ஓரத்தில் போனது. மூன்று மேசன்மார் சுவரை உடைக்க வேண்டும் என்று சொன்ன பிறகு, சாயம் காட்டிய இடம் ஓர் உள்ளங்கை அகலம்கூட இல்லை.

தடாகத்தால் மண் சரியுமா?

தடாகம் தனியாக மலையைச் சரிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சரியக் காத்திருக்கும் மண்ணுக்குள் நாள் முழுக்கத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தால் அது பாரத்தைக் கூட்டும், பிடிப்பைக் குறைக்கும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடிய காலையை நம்மில் யாரும் மறக்கவில்லை. ஆகவே இந்தக் கேள்வியை நான் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை.

தடாகத்துக்குக் கீழ்ச்சரிவில் நடந்து பாருங்கள். வெயில் காலத்திலும் ஈரமாக இருக்கும் ஒரு பட்டை, புதிதாகக் கிளம்பிய ஊற்று, கலங்கி வரும் தண்ணீர், நிலத்தில் பிறை வடிவ வெடிப்பு, ஒரே பக்கம் சாய்ந்த மரங்கள், திடீரென இறுகும் கதவு ஆகியவை அறிகுறிகள். ஒன்று தெரிந்தாலும் தடாகத்தை நிரப்பும் யோசனையை நிறுத்தி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். அவர்களிடம் அபாய வலய வரைபடம் இருக்கிறது. வீடு வாங்கும் முன்பே போய்க் கேட்டால் இன்னும் நல்லது.

24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் விழிப்பாக இருக்கச் சொல்வார்கள். அந்த மழை எங்கள் தடாகத்தில் மட்டும் 2,400 லீற்றர் தண்ணீரைக் கூட்டும். வழிந்தால் கரையை அறுக்கும். அதனால் மழைக்காலம் முழுக்க மட்டத்தை ஒரு சாண் குறைத்தே வைத்திருக்கிறோம். வழியும் தண்ணீருக்கு மூடிய குழாய் போட்டு, கட்டிய கான் வரை கொண்டுபோய் விட்டிருக்கிறோம். மேட்டுப் பக்கம் பழைய கானைத் தூர் எடுத்து, மலைத் தண்ணீர் தடாகத்துக்குப் பின்னால் தேங்காமல் சுற்றிப் போகச் செய்தோம். செலவழித்ததில் மனதுக்கு நிம்மதி தந்தது அந்தக் கான்தான்.

டைல்ஸ் எல்லாவற்றையும் உடைத்து எடுக்க வேண்டுமா?

ஐந்து ரூபாய்க் குற்றி (நாணயம்) ஒன்றை எடுத்து ஒவ்வொரு டைல்ஸையும் தட்டுங்கள். நல்லது "டிக்" என்று இறுகிய சத்தம் தரும். கழன்றது பானையைத் தட்டியது போல உள்ளுக்குள் கேட்கும். சோக்கால் அடையாளம் போட்டு அவற்றை மட்டும் மாற்றலாம். எங்களுக்கு ஐந்தில் ஒரு பங்குதான் மாற்ற வேண்டியிருந்தது. அதே நிறம் கிடைக்கவில்லை என்று எல்லாவற்றையும் உடைக்க வேண்டாம். எங்கள் தடாகத்தில் இரண்டு நீலம் இருக்கிறது, கண்ணுக்கு இதமாகத்தான் இருக்கிறது. புதிய சீமெந்துப் பூச்சு முழுப் பலம் பெற 28 நாள் என்று கணக்கு. மலைக் குளிரில் அது இன்னும் மெதுவாக இறுகும், பொறுமை வேண்டும்.

மோட்டார், பில்டர், கரண்ட் வேலை?

கரண்டைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பழைய வீடுகளில் எர்த் கம்பி இருக்காது, அல்லது துருப்பிடித்து அறுந்திருக்கும். தகுதியுள்ள மின் தொழிலாளி ஒருவர் புதிய எர்த் போட்டு, 30 மில்லிஅம்பியர் டிரிப் சுவிட்ச் மாட்டி, தடாகத்தைச் சுற்றியுள்ள இரும்பு ஏணி, கைபிடி எல்லாவற்றையும் எர்த்தோடு இணைத்த பிறகுதான் மோட்டாரைப் போட வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும் விளக்கு 12 வோல்ட்டாக இருக்கட்டும். பழைய 230 வோல்ட் விளக்கு இருந்தால் இணைப்பை அறுத்துவிடுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி மின்னல் தொடங்கினால் தண்ணீரில் இருந்து ஏறிவிட வேண்டும், மோட்டாரையும் அணைக்க வேண்டும்.

மணல் பில்டர் என்றால், உடல் வெடிக்காமல் இருந்தால் உள்ளே இருக்கும் மணலை மட்டும் மாற்றினால் போதும். அதற்கென்று சலித்த கண்ணாடிக்கல் மணல் வேண்டும். ஆற்று மணல் களியாகி அடைத்துக்கொள்ளும். எங்கள் 45,000 லீற்றரும் ஆறு மணி நேரத்தில் ஒரு முறை பில்டர் வழியாகச் சுற்றி வர, மணிக்கு 7,500 லீற்றர் தள்ளும் மோட்டார் போதும். கடையில் பெரிதாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பெரிய மோட்டார் சின்னப் பில்டருக்குள் தண்ணீரை வேகமாகத் தள்ளி அழுக்கைத் தங்கவிடாமல் செய்யும், கரண்ட் பில்லும் ஏறும்.

நிரப்ப எந்தத் தண்ணீர் நல்லது?

ஊற்றுத் தண்ணீர் இருந்தால் எடுக்கலாம், ஆனால் அது யாருடைய ஊற்று என்று கேட்டுவிட்டு எடுங்கள். 45,000 லீற்றரை ஒரே மூச்சில் இழுத்தால் கீழே இருப்பவர்களின் பீலி வற்றிவிடும். நாங்கள் பாதியை மழைத் தண்ணீரிலும், மீதியைப் பத்து நாள் இரவில் மட்டும் சொட்டாக எடுத்தும் நிரப்பினோம். வீட்டு இணைப்பில் எடுப்பதானால் நீர் வழங்கல் சபையின் வெட்டு நேரங்களில் வேண்டாம்.

நிரப்பும் முன் ஒரு சோதனை. வெள்ளை வாளியில் அந்தத் தண்ணீரை எடுத்து, ஒரு சிட்டிகை குளோரின் தூள் போட்டு இரவு முழுக்க வைத்துவிடுங்கள். காலையில் தெளிவாக இருந்தால் நல்லது. துருப்பிடித்தது போலப் பழுப்பாக மாறினால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. அதை அப்படியே நிரப்பிக் குளோரின் போட்டால் புதிய டைல்ஸ் எல்லாம் காவி நிறமாகிவிடும். முதலில் தொட்டியில் தெளிய விட்டு வடிகட்டித்தான் உள்ளே விட வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் தடாகம் வைத்திருக்கும் உறவினர் அசிட் போடச் சொல்கிறார். போடலாமா?

அவர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் மேல் இருக்கிறது. அங்கே தண்ணீர் கடினம், டைல்ஸில் வெள்ளைப் படிவு பிடிக்கும், அசிட் தேவைப்படும். நம் மலைத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது, கொஞ்சம் புளிப்பும் சேர்ந்தது. சுண்ணாம்பு போதாத தண்ணீர் தனக்கு வேண்டியதைச் சீமெந்தில் இருந்து அரித்து எடுத்துக்கொள்ளும். டைல்ஸ் இடுக்குக் கரையும், செப்புக் குழாய் அரிக்கும். நமக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது சோடாத்தூள், பேக்கரியில் போடும் அதே சோடியம் பைகாபனேற்.

கணக்கு இப்படி: 10,000 லீற்றருக்கு 168 கிராம் சோடாத்தூள் போட்டால் காரத்தன்மை 10 பி.பி.எம். (லீற்றருக்கு மில்லிகிராம்) ஏறும். எங்கள் தண்ணீர் 30 இல் இருந்தது, 80 ஆக்க வேண்டும். 45,000 லீற்றருக்கு 3.8 கிலோ போட்டோம், அதையும் இரண்டு நாளாகப் பிரித்து. சுண்ணாம்புக் கடினம் 200 பி.பி.எம். வரை இருக்கட்டும், குறைந்தால் கல்சியம் குளோரைட். பி.எச். (தண்ணீரின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் அளவு) 7.2 முதல் 7.6 வரை. புதிய சீமெந்துப் பூச்சு இருந்தால் மட்டும் முதல் சில வாரங்களுக்குப் பி.எச். மேலே மேலே ஏறும். அப்போது அசிட் கொஞ்சம் தேவைப்படும்.

குளோரின் எவ்வளவு போட வேண்டும்?

பச்சையைக் கொல்ல முதல் தடவை 10 பி.பி.எம். வேண்டும். எங்கள் தடாகத்துக்கு அது 450 கிராம் சுத்தக் குளோரின். கடையில் கிடைக்கும் 65 சதவீதக் கல்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் சுமார் 700 கிராம். கிணற்றுக்குப் போடும் ரி.சி.எல். தூள் என்றால் அதன் பலம் பாதிதான், அதனால் இரு மடங்கு வேண்டும். சுண்ணாம்புக் கசடும் அதிகம். வாளியில் கரைத்து, கசடு அடியில் தங்கிய பிறகு மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். எப்போதும் தண்ணீருக்குள் தூளைப் போட வேண்டும், தூளுக்கு மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

போடும் நேரம் பொழுது சாய்ந்த பிறகு. வெயில் குளோரினைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். இரவில் ஒரு முறை அளந்து, விடிந்து வெயில் படும் முன் இன்னொரு முறை அளவுங்கள். இரவுக்குள் 1 பி.பி.எம்.க்கு மேல் குறைந்திருந்தால் தண்ணீருக்குள் இன்னும் பாசி உயிரோடு இருக்கிறது, மறுபடி போட வேண்டும். எங்களுக்கு ஆறு இரவு பிடித்தது. பச்சை முதலில் சாம்பல் நிறமாகி, பிறகு பால் கலங்கியது போலாகி, ஒன்பதாம் நாள் காலையில் ஆழப் பக்கத்து வடிகட்டி மூடியின் திருகாணி தெரிந்தது.

பி.எச். அளவைக் கவனிக்காமல் குளோரினை மட்டும் கொட்டுவது வீண். 7.5 இல் போட்டதில் பாதிதான் கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும். 8 ஆனால் சுமார் கால் பங்குதான்.

மிதக்கவிடும் குளோரின் வில்லைகள் சுலபமானவைதான். ஆனால் அவை புளிப்பானவை, நம் மென்தண்ணீரின் பி.எச். அளவை வேகமாகக் கீழே இழுத்துவிடும். மலைநாட்டுக்குத் தூள்தான் பொருத்தம் என்பது என் எண்ணம். அதோடு கொஞ்சம் சுண்ணாம்பும் கிடைக்கிறது. வில்லைக்குப் பயன்படுத்திய கரண்டியால் தூளை அள்ள வேண்டாம். இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும்.

இந்தக் குளிரில் யார் நீந்துவார்கள்?

நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை. அங்கே சூடாக்காத தடாகத்தில் பெரியவர்கள்கூட சில நிமிடம்தான் தாக்குப் பிடிப்பார்கள். பண்டாரவளை, பதுளை, கண்டிக்கு வர வர நிலைமை எளிதாகும். எங்கள் தண்ணீர் 19 முதல் 23 வரை நிற்கும். பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் பிள்ளைகள் இறங்குகிறார்கள். திடீரெனக் குதிப்பது கூடாது, குளிர் பட்டதும் மூச்சு அடைத்து இழுக்கும். படியில் உட்கார்ந்து காலை நனைத்து மெதுவாக இறங்கச் சொல்லுங்கள்.

மின்சாரத்தால் சூடாக்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 45,000 லீற்றரை ஒரே ஒரு பாகை ஏற்ற 52 யூனிட் வேண்டும். ஆறு பாகை என்றால் 300க்கு மேல், அதுவும் இரவில் பாதி போய்விடும். முதலில் மிதக்கும் மூடி வாங்குங்கள். சூடு போவது பெரும்பாலும் மேற்பரப்பில்தான். நிழல் தரும் இரண்டு மரக்கிளையை வெட்டியதே எங்களுக்கு நல்ல பலன் தந்தது. குளிரில் ஒரு நன்மையும் உண்டு: பாசி மெதுவாகத்தான் வளரும், கொழும்பில் போடும் அளவு குளோரின் இங்கே தேவையில்லை.

மூடிவிடுவது நல்லதில்லையா?

சிலருக்கு அதுதான் சரி. கீழ்ச்சரிவில் அறிகுறி இருந்தால், வருடத்தில் பத்து மாதம் வீடு பூட்டிக் கிடக்கும் என்றால், வீட்டில் பார்க்க ஆளில்லை என்றால் மூடுங்கள். ஆனால் மண்ணை மட்டும் கொட்டி மூடினால் அது நிலத்துக்குள் தண்ணீர் நிற்கும் சட்டியாகிவிடும். அடித்தளத்தில் பல இடங்களில் துளை போட்டு, கல்லும் சரளையும் பரப்பி, தண்ணீர் வடிய வழி செய்து, அதற்கு மேல்தான் மண். சரிவில் இதை ஒரு பொறியியலாளரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

செலவு எதில் அதிகம் போனது?

ஒழுக்குக்கும் கானுக்கும். டைல்ஸுக்கும் மருந்துக்கும் பயந்ததைவிடக் குறைவு. சாமான்களைக் கொழும்பில் இருந்து எடுத்தோம், வண்டிக் கூலி சேர்த்தும் அதுதான் மலிவாக வந்தது. கூலி ஊர் ஆட்களுக்கே போகட்டும் என்று பார்த்தோம். அவர்களுக்குத்தான் மண்ணின் போக்குத் தெரியும்.

வேலை முடிந்த பிறகு தினமும் என்ன பார்க்க வேண்டும்?

மோட்டார் அறையில் ஒரு கொப்பியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். குளோரின், பி.எச்., பில்டரின் அழுத்தம் என்று கோடு போட்ட கட்டங்கள். அழுத்தம் சுத்தமாக இருந்த நாளைவிட 8 அல்லது 10 பி.எஸ்.ஐ. ஏறினால் பில்டரைத் திருப்பிக் கழுவுவோம். அந்தக் கழுவு தண்ணீர் போவது வாழைத் தோட்டத்துப் பக்கம். தண்ணீர் மட்டம் எழுதுவோம், மழை பெய்த நாளில் மழையின் அளவும். சனிக்கிழமைகளில் மட்டும் நிரப்பும் கட்டம் ஒன்று கடைசியில் இருக்கிறது. அதன் தலைப்பு "பீலி". மகள் பணிய லயத்துக்கு இறங்கிப் போய், தண்ணீர் எப்படி வருகிறது என்று அந்த அம்மாவிடம் கேட்டுவந்து எழுதுவாள். சென்ற வாரம் எழுதியிருந்தது: "தெளிவு. மழைக்குப் பிறகு கொஞ்சம் இலை. ஆச்சி வடை தந்தார்."